அரங்கேற்றம் முதல் வாசிகசாலை வரை

தமிழ் இலக்கிய வரலாறு எழுதப் புகுந்தோர் புலவர்களின் வரலாற்றை எழுதியுள்ளனர். நூல்களின் வரலாற்றை எழுதியுள்ளனர். புலவரைப் புரந்த மன்னர், வள்ளல்கள், மடாதிபதிகள் ஆகியோரின் வரலாற்றையும் விரிவாகவே எழுதியுள்ளனர். அந்நூல்களைப் படித்தவர்கள் யாவர், கேட்டவர்கள் யாவர், அவர்கள் அவற்றைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்னும் வினாவைப் பெரும்பாலும் எவரும் எழுப்பவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. எழுதியவனின் பெயரும் எழுதுவித்தவனின் பெயரும் ஏட்டிலே நிற்கும். படித்தவனின் அபிப்பிராயமோ அவன் வாய்ச்சொல்லோடு போய்விடும். ஆயினும், ஒரு நூலைப் பற்றி அபிப்பிராயஞ் சொல்லும் உரிமை எக்காலத்தில் எவரிடம் இருந்தது, அது எவ்வாறு கைம்மாறியது என்று ஆராய்வோமாயின், நமது சமுதாய வரலாற்றின் முக்கியமான பகுதியொன்று தெளிவாகும்.

இவ்வாராய்ச்சிக்குப் பழைய கதையொன்று தக்க தோற்றுவாயாக அமைகின்றது. இறையனார் அகப்பொருளுக்குரிய உரையிலே வருவது அது. பாண்டி நாட்டைப் பன்னீராண்டுப் பஞ்சம் வருத்தியது. பஞ்சம் நீங்கியபின் பொருளதிகாரம் வல்லார் ஒருவரும் அகப்படாமையால் அரசன் கவன்றான். ஆலவாய் இறைவன் அறுபது சூத்திரங்களைச் செய்தளித்தான். சங்கப் புலவர் ஒவ்வொருவரும் அவற்றுக்கு உரை கண்டனர். எவ்வுரை சிறந்தது என்பதிலே அவர்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. நடுநிலை கூறுதற்கு உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைப் பிள்ளை அழைத்து வரப்பட்டான். மற்றையோர் உரைகளைக் கேட்டபோது அவன் வாளா இருந்தான். மருதனிளநாகனார் உரையை வாசித்தபோது சிற்சில இடங்களிலே கண்ணீர் வார்ந்தான். நக்கீரர் உரையைக் கேட்டபோது சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். அதுவே மெய்யுரை என்று முடிபாயிற்று.

இது வரலாறன்று, கதையே. ஆயினும் கதையைப் புனைந்தோரின் மனப்பாங்கு இதிலே நன்கு வெளிப்படுகின்றது. கற்றோர் தம்முள் வழக்கிட்டுத் தீராத விடயத்தைத் தீர்ப்பதற்குப் புலமைக்கு வெளியே நிற்கும் ஒருவன் தேவைப்படுகின்றான். நூலின் சிறப்பைக் கேட்பவனின் மெய்ப்பாட்டிலே காணலாம் என்னும் உண்மையும் ஒப்புக்கொள்ளப்படுகின்றது. ஆனால் அந்த வெளியாள் ஊமையாக இருக்கவேண்டும். அவன் அழலாம், ஏன் அழுதான் என்று சொல்லலாகாது. அதுவும் போதாமல், அவன் சாபத்தினாற் பிறந்த குமாரக்கடவுளே என்று உரைகாரர் கூறிவிடுகின்றார். சாதாரண மானிடக் குழந்தையொன்று சங்கப் புலவர்க்குத் தீர்ப்பளித்தது என்று சொல்லும் துணிவு அக்காலத்து இருக்கவில்லை.

அக்காலத்து நூலுக்குத் தீர்ப்பளித்தது அவை. தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம், அந்நூல் பாண்டியனின் அவையத்திலே அதங்கோட்டாசானுக்கு அரிறபத் தெரிக்கப்பட்டது என்று கூறுகின்றது. அரசன் தலைமை, ஆசான் வினா, ஆசிரியன் விடை என்னும் இம்மூன்றுமே அரங்கேற்றத்தின் அமைப்பு. கம்பரின் காவியம் திருவரங்கத்திலே பட்ட இடர்களைப் பற்றிய கதைகளும் இவ்வமைப்பையே காட்டுகின்றன. பிற்காலத்தில் அரசவையின் இடத்தைக் கோயில் மண்டபமும் சைவ மடமும் பெற்றன. இடம் மாறியதேயன்றி முறை மாறவில்லை.

இம்முறையை நன்னூல் இலக்கணமாகவே வகுத்துவிட்டது. நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்தற்குரியோர் நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு கற்றவன், அவன் மாணாக்கன், நூலுக்கு உரை செய்தவன் ஆகிய நால்வரே என்று பவணந்தி முனிவர் கூறுகின்றார். நால்வரும் நூலாசிரியனுக்கு உறவு பூண்டோர். அயலான் ஒருவன் நூலைப் படித்துக் கருத்துக் கூறலாம் என்னும் எண்ணமே அங்கு இல்லை. கூறியது கூறல், மாறுகொளக் கூறல் முதலாக நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும், அவற்றோடு பத்து அழகுகளையும் அதே நன்னூல் எண்ணி வைத்திருக்கின்றது. அளவுகோல் இருந்தது, அதனைக் கையிலெடுக்கும் உரிமை சிலரிடமே இருந்தது.

இதன் விளைவாக நூல்களைப் பற்றிய அபிப்பிராயம் பெரும்பாலும் புகழ்ச்சியாகவே எஞ்சியது. திருவள்ளுவமாலை இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. சங்கப் புலவர் பலரின் பெயரால் வழங்கும் ஐம்பத்தைந்து வெண்பாக்களைக் கொண்ட அத்தொகுதி பிற்காலத்தது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அதன் செய்யுட்களிற் சில நுட்பமானவையே. எனினும் குறளின் ஒரு குறளோடேனும் மாறுபடும் குரல் அங்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே புராணம், அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று எது அச்சேறினும் அதன் முகப்பிலே சாற்றுகவிகள் வரிசையாக நின்றன. நூலைப் படிக்காமலே சாற்றுகவி பாடலாம் என்னும் நிலை தோன்றியபோது, அபிப்பிராயம் என்பது வெறுஞ் சடங்காயிற்று.

அப்படியாயின் அவைக்கு வெளியே இருந்த மக்கள் நூல்களை அறியாமலே இருந்தனரா? அவ்வாறு கூறுதல் பொருந்தாது. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே நிகழ்ந்த புராணபடனத்தை இவ்விடத்து நினைத்தல் வேண்டும். கந்தபுராணச் செய்யுளை ஒருவர் இசையோடு படிக்க மற்றொருவர் பயன் சொல்லுவார். எழுத்தறியாதவரும் இருந்து கேட்பர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணக் கலாசாரத்தைக் கந்தபுராண கலாசாரம் என்றே வருணித்தார்கள். அக்கூற்றில் உண்மையுண்டு. ஆனால் அக்கலாசாரத்திலே கேட்போரின் இடம் சாதியால் வகுக்கப்பட்டிருந்தது என்பதும் உண்மையே. மண்டபத்தில் இருந்து கேட்டவரும் இருந்தனர். வெளிவீதியில் நின்று காதில் விழுந்ததைக் கேட்டவரும் இருந்தனர். இரு சாராரும் சூரபன்மனின் வீழ்ச்சியை ஒரே வகையாகவா கேட்டிருப்பர்? வீதியில் நின்றவரின் அபிப்பிராயத்தை எழுதி வைத்தார் எவருமிலர்.

இந்நிலையை உடைத்தது அச்சியந்திரம். ஏட்டுச்சுவடி கைமாறவேண்டுமானால் உடையவனின் தயவு வேண்டும். அச்சிட்ட நூலைப் பெறுதற்குக் காசு போதும். இந்த மாற்றத்தின் பொருளாதார அடிப்படையை மறந்துவிட்டு இலக்கிய மாற்றத்தை மாத்திரம் பேசுதல் வீண். 1841ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்திலே ‘உதயதாரகை’ப் பத்திரிகையைத் தொடக்கினர். சமயப் பிரசாரமே அதன் நோக்கம் எனினும், கடிதங்களும் மறுப்புகளும் வெளியாகும் புதிய அரங்கொன்று அதனால் உண்டாயிற்று. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே தமது அச்சகத்தை நிறுவினார். நாவலரின் சமுதாய நோக்கு பழைய வருணாசிரம நோக்கே என்பதில் ஐயமில்லை. ஆயினும் பெரியபுராணத்தை அவர் வசனமாக எழுதி அச்சிட்டபோது, புலவரின் துணையின்றித் தனியே இருந்து படிக்கும் வாசகன் ஒருவனை அவர் கையே உருவாக்கிற்று. தாம் விரும்பாத விளைவுகளுக்கும் வரலாற்று மாந்தர் காரணராகின்றனர்.

அவ்விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. இராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் 1867இல் திருவருட்பா என்னும் பெயருடன் வெளிவந்தன. அப்பெயர் அவற்றுக்குப் பொருந்தாது என்று வாதிட்டு நாவலர் 1869இல் ‘போலியருட்பா மறுப்பு’ எழுதினார். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. இருவரும் மறைந்த பின்னரும் போர் ஓயவில்லை. நாவலர் பக்கத்திலே புலோலி நா. கதிரைவேற்பிள்ளை நின்றார், வள்ளலார் பக்கத்திலே இஸ்லாமியரான செய்குத்தம்பிப் பாவலர் நின்றார். துண்டுப் பிரசுரங்களும் கண்டனங்களும் வசைகளும் மலிந்தன. அவற்றின் மொழியை இன்று படிக்கும்போது கூச்சம் ஏற்படுகின்றது. எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஒரு நூல் உயர்ந்ததா அன்றா என்னும் வினா முதன்முறையாக அவையை விட்டு வெளியேறிச் சந்தைக்கும் மேடைக்கும் வந்தது. சைவ நூலொன்றின் தகுதி பற்றி முஸ்லிம் புலவர் ஒருவர் மேடையேறிப் பேசவும் மக்கள் கேட்கவும் இயன்றது.

வாசகன் ஒருவனின் அபிப்பிராயம் இலக்கிய வரலாற்றின் போக்கையே மாற்றிய நிகழ்ச்சியும் அக்காலத்ததே. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை உ. வே. சாமிநாதையர் காணச் சென்றார். எவ்வெந் நூல்களைப் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவினார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் ஆகியவற்றின் பெயர்களை அடுக்கினார். கேட்டவரோ வியப்படையவில்லை. இவற்றைப் படித்ததனால் ஆவதென்ன என்னும் பாங்கிற் பேசிச் சீவகசிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் படித்ததுண்டோ என்று கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கராகிய ஐயர் அவற்றைப் படித்திருக்கவில்லை. அச்சந்திப்பின் பயனாக 1887இல் சிந்தாமணி அச்சேறியது. தொடர்ந்து சங்க நூல்களும் காவியங்களும் வெளிவந்தன. இராமசுவாமி முதலியார் புலவரல்லர், நூலொன்றுக்கும் சாற்றுகவி பாடியவரல்லர், உத்தியோகத்தர். ஆங்கிலக் கல்வி பெற்றுத் தோன்றிய புதிய மத்தியதர வர்க்கத்தின் பிரதிநிதி அவர். தன் நாகரிகத்தின் தொன்மையை நிலைநாட்ட விரும்பிய அவ்வர்க்கத்துக்கு மடத்துப் பிரபந்தங்கள் போதவில்லை. முதலியாரின் வினாவிலே அவ்வர்க்கத்தின் குரல் ஒலிக்கின்றது.

ஈழத்திலே சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவ்வகையினரே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான அவர் வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்தார். ஊமைப் பிள்ளையின் கதையைத் தாங்கிய இறையனார் அகப்பொருளுரையை 1883இல் அச்சிட்டவரும் அவரே. அவருடைய பதிப்புரைகள் சாற்றுகவியின் மரபுக்கு மாறானவை. நூலின் காலம், ஏடுகளின் நிலை, தாம் ஐயுற்ற இடங்கள் ஆகியவற்றை வாசகர் முன்னே அவை விரித்து வைக்கின்றன. வாசகனைத் தீர்ப்புக் கூறத்தக்கவனாக மதித்துப் பேசும் குரல் அவற்றிலே கேட்கின்றது.

இவ்வளவிலும் மாறிய உரிமை மேலோர் சிலரிடமிருந்து கற்ற மத்தியதர வர்க்கத்தினரிடமே வந்தது. நாவலின் தோற்றம் அவ்வெல்லையை மேலும் விரித்தது. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இலும், ஈழத்திலே சித்திலெவ்வையின் அசன்பேயுடைய கதை 1885இலும், திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி 1895இலும் வெளிவந்தன. 1914இலே மங்களநாயகம் தம்பையாவின் நொறுங்குண்ட இருதயம் வந்தது. நாவலைப் படிப்பதற்கு இலக்கணம் வேண்டியதில்லை, குரு வேண்டியதில்லை, ஆகவே அதனைப் பற்றிக் கருத்துச் சொல்லவும் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பண்டிதர் பலர் நாவலைப் பழித்ததற்கு அதன் நடையும் பொருளும் மாத்திரம் காரணமல்ல. தம் கையிலிருந்த துலாக்கோல் நழுவுகின்றது என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

பாரதியின் கவிதைக்கு நேர்ந்ததும் இதுவே. 1930களின் நடுப்பகுதியிலே பாரதி மகாகவியா என்னும் வாதம் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் மூண்டது. அதன் விளைவாகக் கு. ப. ராஜகோபாலனும் பெ. கோ. சுந்தரராஜனும் எழுதிய ‘கண்ணன் என் கவி’ நமது நவீன விமர்சனத்தின் முன்னோடி நூல்களுள் ஒன்று. அதற்கு முன்னரே, மட்டக்களப்புக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே பாரதி பாடல்களைக் கற்றோர் முன் எடுத்துப் பேசினார். எழுத்தாளரும் பேராசிரியரும் வாதிடுவதற்கு முன்பே பாரதியைப் பாடித் தீர்ப்பளித்துவிட்டோர் தெருவிலே ஊர்வலம் சென்ற தேசிய இயக்கத்து மக்கள். அவர்களின் தீர்ப்பை அறிஞர் பின்னர் உறுதி செய்தனர்.

ஈழத்திலே இம்மாற்றம் நிகழ்ந்த இடங்கள் எவை? அவற்றை நூல்களிலே தேடுவதிலும் பார்க்க ஊர்களிலே தேடுதல் நன்று. 1930இல் நா. பொன்னையா தொடங்கிய ‘ஈழகேசரி’யும் அதே ஆண்டில் தோன்றிய ‘வீரகேசரி’யும் 1932இல் வந்த ‘தினகரனும்’ கிராமங்களுக்குச் சென்றன. ஒரு பத்திரிகைப் பிரதியைப் பலர் படித்தனர். ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். சனசமூக நிலையங்களின் வாசிகசாலைகள் பெருகின. சலூன்களிலே பத்திரிகை கிடந்தது. சுருட்டுக் கொட்டில்களிலே தொழிலாளர் கை ஓயாது சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் பத்திரிகையையும் தொடர்கதையையும் உரத்து வாசிப்பார். படிக்கப்பட்டதைப் பற்றிய வாதமும் அங்கேயே நிகழும். அரசனும் ஆசானும் இல்லாத அவை அது. நன்னூலார் கூறிய நால்வருள் ஒருவரும் அங்கில்லை. கதையில் வரும் முதலாளி உண்மையில் அப்படித்தான் பேசுவானா, கூலி கேட்டவனை ஆசிரியர் ஏன் கள்வனாக்கினார் என்று கேட்பதற்கு அங்கிருந்தோர்க்கு வாழ்க்கை அறிவு போதுமானதாக இருந்தது.

1945இலே கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. அதன் பயன் இலக்கியத்திலே தெரிவதற்குப் பத்துப் பதினைந்தாண்டுகள் சென்றன. 1943இல் மறுமலர்ச்சிச் சங்கமும் 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் தோன்றின. முன்னர் வெளிவீதியில் நிறுத்தப்பட்டவரின் பிள்ளைகள் வாசகராயினர், பின்னர் எழுத்தாளராயினர். டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. பள்ளர், பறையர், அம்பட்டர் என ஒதுக்கப்பட்டோரின் பேச்சு மொழி இலக்கியத்தில் ஏறியபோது, அது இழிசனர் வழக்கு என்று மரபுவாதிகள் சிலர் கண்டித்தனர். 1960களின் தொடக்கத்தில் எழுந்த அம்மரபுப் போராட்டம் இலக்கணப் போராட்டமாகத் தோன்றினும், அதன் உள்ளே நின்ற வினா பழைய வினாவே: எது இலக்கியம் என்று சொல்லும் உரிமை யாருடையது? சமூகக் குறைபாட்டு ஒழிப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறிவிட்டது. ஆயினும் தேநீர்க் கடையிலும் கோயில் வாயிலிலும் உரிமை மறுக்கப்பட்டது. அவ்வாறு மறுக்கப்பட்டோர்க்கு இலக்கியத்தின் வாயிலும் எளிதில் திறக்கவில்லை.

இங்கு நம் பக்கத்துக் குறையையும் ஒளிக்காமற் கூறுதல் கடமை. மரபுவாதிகளின் அவையைக் குலைத்த முற்போக்காளர் சிலர், தாமே வேறோர் அவையாக அமர்ந்ததுண்டு. நூலைப் படித்து முடிக்குமுன் ஆசிரியனின் அணியைக் கேட்டனர். வாய்பாட்டுக்கு அடங்காத ஆக்கத்தைப் பிற்போக்கு என்று ஒதுக்கினர். மக்களின் பெயரால் தீர்ப்பளித்தனரேயன்றி மக்கள் என்ன சொல்கின்றனர் என்று சில வேளைகளிற் கேட்கவில்லை. மறுபுறத்தே, விற்பனைத் தொகையையே மக்களின் தீர்ப்பு என்று காட்டிய வணிக இதழ்களும் இருந்தன. பணம் கொடுத்து வாங்கியவன் வாடிக்கையாளன். படித்து ஆராய்ந்து காரணத்தோடு கருத்துக் கூறியவனே வாசகன்.

அத்தகைய வாசகனை வளர்ப்பதற்கு நூல்நிலையம் இன்றியமையாதது. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டிலே தொடங்கிய சிறு நூல்நிலையமே யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு வித்து. அதன் பெருங் கட்டடம் 1959இல் திறந்து வைக்கப்பட்டது. எச்சாதியினனும் எவ்வூரானும் ஒரே மேசையில் அமர்ந்து படிக்கும் இடமாக அது அமைந்தது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் வைக்கப்பட்ட தீயினால் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அரிய ஏடுகளும் கிடைத்தற்கரிய பதிப்புகளும் அழிந்தமை பற்றிப் பலர் எழுதியுள்ளனர். பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் அழிந்தபோது, அவற்றின் கடிதப் பகுதிகளிலே மூன்று தலைமுறை வாசகர் எழுதிய அபிப்பிராயங்களும் அழிந்தன என்பதையும் நினைத்தல் வேண்டும். நூலொன்று எரிந்தால் அதன் இன்னொரு பிரதி எங்கேனும் கிடைக்கலாம். ஊர்பேர் தெரியாத ஓர் ஆசிரியையோ சுருட்டுத் தொழிலாளியோ எழுதிய நாலு வரிக் கடிதத்துக்கு வேறு பிரதி கிடைப்பது அரிது. 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் பழைய சஞ்சிகைகளை மின்வடிவிலே சேமித்து வருவதால், எஞ்சிய கடிதங்களேனும் காக்கப்படுகின்றன. அவற்றை ஆராய்ந்து வாசகர் வரலாறொன்றை எழுதுதல் இளம் ஆய்வாளரின் கடமை.

இன்று நூல்களுக்குக் குறைவில்லை. வெளியீட்டு விழாக்களுக்கும் குறைவில்லை. மங்கல விளக்கேற்றல், தலைமையுரை, வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், நயப்புரை, ஏற்புரை என்று நிகழ்ச்சி நிரல் நீளுகின்றது. உரையாற்றுவோர் பெரும்பாலும் ஆசிரியரின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், அணிந்துரை எழுதியவர் ஆகியோரே. நன்னூலாரின் நால்வரும் மேடைக்குத் திரும்பிவிட்டனர். கடிதவுறையிலே பணத்தை வைத்துக் கொடுத்து நூலை வாங்கிச் செல்பவர் அதனைப் பிரித்துப் பார்த்தாரா என்று எவரும் விசாரிப்பதில்லை. எழுபதாண்டு காலப் போராட்டத்தின் பின்னர் சாற்றுகவி மீண்டும் அரசோச்சுவது நமக்குப் பெருமை தருவதன்று.

செய்யத்தக்கது கடினமான காரியமுமன்று. ஒவ்வொரு வாசிகசாலையும் மாதத்துக்கொரு நூலை எடுத்துக்கொள்ளட்டும். ஆசிரியர் இல்லாத கூட்டமாக அது இருக்கட்டும். கமக்காரரும் கடற்றொழிலாளரும் தாய்மாரும் மாணவரும் தாம் படித்ததை, அல்லது படிக்கக் கேட்டதைப் பற்றித் தத்தம் அனுபவத்தை உரைகல்லாகக் கொண்டு பேசட்டும். பிடித்தது எது, பிடிக்காதது எது, ஏன் என்னும் மூன்றையும் ஒருவர் கொப்பியிலே திகதியிட்டு எழுதி வைக்கட்டும். அவ்வெழுத்து நாளை வரலாற்றாசிரியனுக்கு ஆதாரமாகும். இன்று எழுத்தாளனுக்கு வழிகாட்டும்.

உருத்திரசன்மன் அழுதான், அவனுடைய கண்ணீரை எடுத்துக்கொண்டு புலவர் தத்தம் இருக்கைக்குச் சென்றனர். அவன் மனத்திலே என்ன இருந்தது என்று கேட்க எவரும் நிற்கவில்லை. நம் காலத்து வாசகனுக்குப் பேச வாயுண்டு, எழுதக் கையுண்டு. அவனைக் கேட்பதற்கு நாம் நின்றோமா என்பதே இனி நம்மைப் பற்றி வரலாறு கேட்கப்போகும் கேள்வி.